கூட்டம் சேர்ப்பவர் தலைவரா? பாடம் சொல்பவர் தலைவரா?

(செஞ்சியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்த உரையைப் பத்திரிகையில் படிக்கின்ற சகோதரர்களே, நீங்களும் இந்தப் பந்தலில் எங்களோடு உட்கார்ந்திருப்பதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். இங்கே கேட்கப்படும் கேள்விகள் உங்களுக்கும் உரியவை.

நாம் கூடியிருக்கும் ஊர் கோட்டை ஊர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை மதிலால் கட்டி இணைத்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கால ராணுவ அமைப்புகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். நமக்குப் பெருமைதான்.

ஆனால் இந்தக் கோட்டை எத்தனை கை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். நாயக்கர் கையில் இருந்தது பீஜப்பூர் சுல்தான் கைக்குப் போனது. 1677-ல் சிவாஜி பிடித்தார். பல ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1698-ல் முகலாயர் பிடித்தனர். பிறகு ஆற்காட்டு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். இத்தனை உயரமான மதில் உள்ளே இருந்தவர்களில் யாரை நிரந்தரமாகக் காப்பாற்றியது? கல்லால் ஆன கோட்டை காலத்துக்குக் காலம் எஜமானரை மாற்றிக்கொண்டே இருந்தது.

இதே மண்ணில் மாறாமல் நின்றது வேறொன்று. 1714-ல் ராஜா தேசிங்கு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். அவருக்குத் தோள் கொடுத்து அந்தக் களத்தில் உயிர் கொடுத்த நண்பர் ஒரு முஸ்லிம், மகபத்கான். நவாபின் படையும் முஸ்லிம் தலைமையில் வந்த படைதான். ஆனாலும் நட்புக்குத் தந்த வாக்குக்காக அவர் தேசிங்கின் பக்கம் நின்றார். வென்ற நவாபின் பள்ளிவாசல் கோட்டைக்குள் 1717-18-ல் எழுந்தது, இன்றும் நிற்கிறது. ஆனால் சுற்றியுள்ள கிராமத்தில் போய்க் கேளுங்கள். நவாபின் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? தேசிங்கையும் அவர் முஸ்லிம் தோழரையும் அறியாதவர் எத்தனை பேர்?

இதை மக்களுக்குக் கற்றுக் கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடம்? பாட்டுக்காரரும் கூத்துக்காரரும்தான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். 300 ஆண்டுகளாக இந்தப் பகுதி மக்கள் ஒருவரையொருவர் அண்ணன், தம்பி, மாமன் என்று முறை வைத்துப் பழகுவதில் அந்தப் பாடத்துக்கும் பங்கு உண்டு. பொதுமக்களுக்கு ஒரு பாடத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அது கோட்டையை விட நீண்ட நாள் நிற்கும் என்பதற்குச் செஞ்சியை விட வேறு சாட்சி வேண்டுமா?

அதனால்தான் இன்று இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அரசியல் தலைவர் என்பவர் யார்? கூட்டம் சேர்ப்பவரா? கூடிய கூட்டத்துக்குப் பாடம் சொல்பவரா?

நபிவழி காட்டும் தலைமை

தலைமைக்கு நமக்கு முன்மாதிரி அண்ணல் நபி (ஸல்) அவர்கள். மதீனாவில் அவர்கள் ஆட்சித் தலைவர், படைத் தலைவர், நீதிபதி. அத்தனைக்கும் மேலாக ஆசிரியர். பத்ருப் போரில் சிறைப்பட்ட எதிரிகளை என்ன செய்தார்கள்? பணம் கொடுக்க முடிந்தவர்கள் பணம் கொடுத்து விடுதலை ஆனார்கள். பணம் இல்லாமல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனாச் சிறுவர்கள் பத்துப் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றார்கள் என்று சீறா ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். வறுமையில் இருந்த புதிய அரசு அது. ஒவ்வொரு திர்ஹமும் தேவைப்பட்ட நேரம். அந்த நேரத்திலும் தலைவர் பணத்துக்குச் சமமாகப் பாடத்தை எடை போட்டார்கள். பாடம் சொன்னவர் யார்? நேற்று வாளெடுத்து வந்த எதிரி. அறிவை எதிரியிடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம் என்பது அதிலேயே அடங்கிய இன்னொரு பாடம்.

கலீஃபா பொறுப்பேற்ற அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் தம் முதல் உரையில் என்ன சொன்னார்கள்? நான் நேராக நடந்தால் துணை நில்லுங்கள், தவறினால் திருத்துங்கள் என்ற கருத்தைத்தான் மக்கள் முன் வைத்தார்கள். தலைவரைத் திருத்த வேண்டுமானால் மக்களுக்குச் சரி எது, தவறு எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே தம்மைத் திருத்தும் தகுதியை மக்களுக்கு வளர்த்து விடுபவரே உண்மைத் தலைவர். மக்களின் அறியாமையில் பிழைப்பவர் தலைவர் அல்லர், தரகர்.

1948: ஒரு தலைவர் சொன்ன முதல் பாடம்

நம் காலத்துக்கு அருகில் வருவோம். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் 1896 ஜூன் 5-ல் நெல்லைப் பேட்டையில் பிறந்தவர்கள். வணிகக் குடும்பம், தாமும் தோல் வணிகம் செய்தவர்கள். ஒத்துழையாமை இயக்கத்தின்போது பட்டப் படிப்பைப் பாதியில் துறந்தவர்கள். 1972 ஏப்ரலில் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகி இருக்கிறார்கள்.

அவர்கள் பெயரில் ஊருக்கு ஊர் மன்றம் இருக்கிறது, தெரு இருக்கிறது. ஆனால் அவர்கள் சொன்ன பாடம் என்ன என்று இளைஞர்களைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வீர்கள்?

1947-ல் நாடு பிரிந்தது. பிரிவினையை விரும்பிய தலைவர்களில் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். போகாத கோடிக்கணக்கான மக்கள் பழியைச் சுமந்துகொண்டு நின்றார்கள். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய பழைய முஸ்லிம் லீக் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் பொறுப்பேற்றார்கள். அதே மாதம் லக்னோவில் கூடிய மாநாட்டில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் (ரஹ்) அவர்கள், முஸ்லிம்கள் தனி அரசியல் அமைப்புகளைக் கலைத்துவிட வேண்டும் என்ற யோசனையைச் சொன்னார்கள். அதுவும் சமுதாய நலன் கருதிச் சொல்லப்பட்ட யோசனைதான். ஆசாத் அவர்களை மதிக்காமல் நாம் பேசக் கூடாது.

இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் வேறு பாதையைத் தேர்ந்தார்கள். 1948 மார்ச் 10-ல் சென்னையில் கூட்டம் கூடியது. ‘இந்திய யூனியன் முஸ்லிம் லீக்’ என்று பெயர் அமைந்தது. அந்தப் பெயரின் முதல் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ‘இந்திய யூனியன்’. இது எங்கள் நாடு, இந்த நாட்டின் சட்டத்துக்குள் நின்று எங்கள் உரிமையைக் கேட்போம் என்பதுதான் அதன் பொருள். பயந்து பதுங்கிக் கிடந்தவனுக்கு அது ஒரு பாடம்: தலை நிமிர்ந்து நில், நீ குடிமகன். கோபத்தில் கொதித்துக் கிடந்தவனுக்கும் அது ஒரு பாடம்: உன் ஆயுதம் சட்டம், உன் களம் சட்டமன்றம். ஒரே பெயரில் இருவருக்கும் பாடம் சொன்னார்கள்.

அந்த நாளில் கூட்டத்தைக் கண்ணீரில் நனைப்பது எளிது. கொதிக்க விடுவது அதைவிட எளிது. அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. மக்கள் கேட்க விரும்பியதைச் சொல்லாமல், மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொன்னார்கள்.

தோற்ற தீர்மானங்களின் பாடம்

அரசியல் நிர்ணய சபையில் அவர்கள் உறுப்பினர். 1948 நவம்பர் 23-ல் பொது சிவில் சட்டம் பற்றிய நகல் 35-வது பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்றைய அரசியல் சட்டத்தில் 44-வது பிரிவாக இருப்பது அதுதான். தனியார் சட்டம் உள்ள எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு திருத்தத்தை அவர்கள் முன்மொழிந்தார்கள்.

எப்படி வாதாடினார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். ‘என் மார்க்கம், கை வைக்காதே’ என்று கூச்சல் போட்டு அமரவில்லை. தனியார் சட்டம் மக்களின் மதத்தோடும் பண்பாட்டோடும் பிணைந்தது என்று காரணம் சொன்னார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு யூகோஸ்லாவியா நாடு, அங்குள்ள முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்துக்கு உடன்படிக்கையில் உறுதி கொடுத்திருந்ததை முன்னுதாரணமாக எடுத்துக் காட்டினார்கள். ஐரோப்பாவின் மூலையில் நடந்த உடன்படிக்கையைத் தேடிப் படித்து வந்து டில்லியில் பேசியிருக்கிறார்கள்! பேசுவதற்கு முன் படித்தார்கள். தலைவர் ஆசிரியராக வேண்டுமானால் முதலில் மாணவராக இருக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் தோற்றது. 1949 மே மாதம் தனித் தொகுதி முறை வேண்டும் என்று கொண்டுவந்த திருத்தமும் தோற்றது. அதை அவையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் தோற்றதும் சட்டத்தைத் தூக்கி எறியுங்கள் என்று மக்களைத் தூண்டினார்களா? இல்லை. அதே அரசியல் சட்டத்தின் கீழ் 1952 முதல் மாநிலங்களவையிலும், பிறகு 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் மஞ்சேரியிலிருந்து மக்களவைக்கும் சென்றார்கள். தமிழ் பேசும் ஒருவரை மலையாள மக்கள் மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள்.

தோற்ற வாதம் வீணாகிப் போகவில்லை. அன்று பதிலளித்த டாக்டர் அம்பேத்கர் அவர்கள் திருத்தத்தை ஏற்கவில்லை. ஆயினும் எதிர்கால நாடாளுமன்றம், விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் அத்தகைய சட்டத்தைப் பொருத்தலாம் என்று ஒரு வழியைக் குறிப்பிட்டார். உத்தரகாண்ட் மாநிலம் 2024-ல் பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றியபோது, விவரம் தெரிந்தவர்கள் மீண்டும் அந்த 1948 நவம்பர் நாள் அவைக் குறிப்பைத்தான் புரட்டினார்கள். நிதானமாகச் சொன்ன வாதம் தோற்றாலும் ஏட்டில் இருக்கிறது. மைக்கில் கத்திய கத்தல் அன்று இரவே காற்றில் போய்விடுகிறது.

தாய்மொழியும் தாய்நாடும்

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். வட நாட்டவர் பலர் நிறைந்த அவையில், பழமைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று தம் தாய்மொழிக்காகப் பேசியவர் நம் காயிதே மில்லத். முஸ்லிம் என்றால் உருது மட்டும்தான் பேசுவான் என்று நினைத்தவர்களுக்கு அது பாடம். தமிழ் பேசினால் மார்க்கத்தில் குறைந்துவிடும் என்று நம்மிலே நினைத்தவர்களுக்கும் அது பாடம்.

1962-ல் சீனா படையெடுத்தபோது தம் மகனையே ராணுவத்துக்கு அனுப்ப முன்வந்தார்கள். தம் வீட்டில் தொடங்காத பாடத்தை ஊருக்குச் சொன்னால் ஊர் கேட்காது. இதைப் பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு தகப்பனும் அறிவான்.

தோல் மண்டியிலிருந்து கல்லூரி வரை

வணிகப் பெருமக்களே! இந்தப் பகுதி உங்களுக்கு.

காயிதே மில்லத் அவர்கள் காலத்து வணிகர்கள் என்ன செய்தார்கள்? 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி வந்தது. 1951-ல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் தொடங்கின. 1955-ல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, 1956-ல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, 1965-ல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி, 1970-ல் இளையான்குடியில் ஜாகிர் உசேன் கல்லூரி, 1971-ல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி.

இவற்றின் பின்னே இருந்தவர்களில் பலர் தோல் மண்டி வைத்தவர்கள், துணி விற்றவர்கள், கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள். இந்தக் கல்லூரிகளில் முஸ்லிம் பிள்ளைகள் மட்டுமா படித்தார்கள்? எல்லாச் சமுதாயப் பிள்ளைகளும் படித்தார்கள், படிக்கிறார்கள்.

அந்தத் தலைமுறையின் அரசியலும் கல்வியும் ஒரே தராசின் இரு தட்டுகளாக இருந்தன. காயிதே மில்லத் அவர்கள் அகில இந்தியத் தலைவராக இருந்தபோதுதான் 1967-ல் கேரளத்தில் ஆட்சியில் பங்கு கிடைத்தது. சி.எச். முஹம்மது கோயா சாஹிப் கல்வி அமைச்சர் ஆனார். மறு ஆண்டே கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகம் பிறந்தது. மலபாரின் பின்தங்கிய பிள்ளைகள் வீட்டுக்கு அருகே பட்டம் பெறும் வழி திறந்தது. அதிகாரத்தில் கிடைத்த பங்கை எதில் முதலீடு செய்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நம் நன்கொடை எங்கே போகிறது? மேடைக்கு, விளக்கு அலங்காரத்துக்கு, தலைவர் வரும் வழி முழுக்க பிளக்ஸ் பேனருக்கு. வியாபாரத்தில் ஒரு மூட்டை சரக்கு வாங்கினால் கையை விட்டு அலசிப் பார்க்கிறீர்கள், எடை போடுகிறீர்கள், கணக்கு எழுதுகிறீர்கள். அரசியலுக்குக் கொடுக்கும் காசுக்கு மட்டும் ஏன் கணக்குக் கேட்பதில்லை? நாங்கள் வசூலுக்கு வந்தாலும் கேளுங்கள். ‘இந்தப் பணத்தால் எத்தனை பிள்ளை படிக்கும்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியால் கோபப்படுகிற தலைவருக்குக் கொடுக்காதீர்கள்.

பெயர் நிலைப்பது பற்றியும் ஒரு சொல். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டம் காயிதே மில்லத் பெயரோடு பிறந்தது. 1993-ல் நம் விழுப்புரம் மாவட்டம் ராமசாமி படையாட்சியார் பெயரோடு பிறந்தது. 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பெயர்கள் அனைத்தையும் அரசு எடுத்துவிட்டது. பலகையில் இருந்த பெயர் போயிற்று. ஆனால் சென்னையில் 1974-ல் காயிதே மில்லத் பெயரில் தொடங்கிய அரசு மகளிர் கல்லூரியில் ஆண்டுதோறும் பெண்கள் பட்டம் பெற்று வருகிறார்கள். தலைவருக்கு எது நினைவுச் சின்னம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பாடம் தவறினால் யார் விலை கொடுப்பது?

இளைஞர்களே! இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1992 டிசம்பர் 6-ல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. சமுதாயத்தின் நெஞ்சில் நெருப்பு விழுந்தது. அந்த நெருப்பை என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு தலைவர்களுக்கு இருந்தது. சிலர் பொறுப்போடு பேசினார்கள். சிலர் மேடைக்கு மேடை நெருப்பை ஊதினார்கள். 1997 நவம்பர் இறுதியில் கோவையில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கடைகள் சூறையாடப்பட்டன. அது பெரும் அநீதி. அதற்கு நீதி கேட்பது உரிமை. ஆனால் 1998 பிப்ரவரி 14-ல் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் பலியாயின. ஒன்றும் அறியாத மக்கள் செத்தார்கள். அதுவும் பெரும் அநீதி. மார்க்கம் ஒருக்காலும் அனுமதிக்காத பாவம்.

அதன் பிறகு என்ன நடந்தது? உங்கள் வயதுப் பையன்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். தாய்மார்கள் மனுப் பார்க்கச் சிறை வாசலில் வரிசையில் நின்றார்கள். பல ஆண்டு உள்ளே கிடந்து, பிறகு குற்றம் நிரூபிக்கப்படாமல் வெளியே வந்தவர்களும் உண்டு. கோவை வணிகம் படுத்தது. ஆவேசத்தை ஊட்டியவர்களில் எத்தனை பேர் அந்தத் தாய்மார்களோடு வரிசையில் நின்றார்கள்?

1948-ல் இருந்த துயரம் 1992-ல் இருந்த துயரத்துக்குக் குறைந்ததா? இல்லை. அன்று துயரத்தில் இருந்த மக்களுக்கு ஒரு ஆசிரியர் கிடைத்தார். தலைவர் சொல்லும் பாடம் உயிர்களோடும் குடும்பங்களோடும் சம்பந்தப்பட்டது என்பதற்காகவே இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

நேற்றைய உதாரணம்: வக்ஃப்

பழங்கதை மட்டும் பேசிப் போக நான் வரவில்லை. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தது. நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. நடக்க வேண்டியதுதான். எதிர்ப்பைப் பதிவு செய்வது நம் உரிமை. வழக்குப் போட்டதும் சரிதான். 2025 செப்டம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது.

ஆனால் நான் கேட்பது இது. அந்தக் கூட்டங்களில் கை உயர்த்தியவர்களில் எத்தனை பேருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தது? பத்திரம் இல்லாமல் நெடுங்காலம் பள்ளிவாசலாகவோ கபரஸ்தானாகவோ பயன்பட்டதால் வக்ஃப் ஆன இடங்கள் உண்டு. இனிமேல் அந்த வழியில் புதிதாக வக்ஃப் உருவாகாது என்றும், சட்டம் வருமுன்பே பதிவான இடங்கள், தகராறிலோ அரசு நிலமாகவோ இல்லாவிட்டால் தொடரும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. அப்படியானால் பதிவு எத்தனை முக்கியம்! 2025 ஜூன் 6-ல் ‘உமீத்’ என்ற கணினித் தளத்தைத் திறந்து, விவரங்களை ஏற்ற ஆறு மாதக் கெடு கொடுத்தார்கள்.

அந்த ஆறு மாதத்தில் உங்கள் ஊர் முத்தவல்லி பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்தாரா? சர்வே எண் சரியாக இருக்கிறதா, கபரஸ்தானின் நான்கு எல்லை எது என்று பார்த்தாரா? கணினி தெரிந்த நீங்கள் யாராவது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்களா? கண்டனக் கூட்டத்துக்கு ஆள் திரட்டிய தலைவர், அதே ஊரில் அடுத்த வாரம் பத்திரம் பார்க்கும் முகாம் நடத்தியிருந்தால் அவர் ஆசிரியர். நடத்தாவிட்டால் அவர் வெறும் பேச்சாளர்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2007-ல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு கொடுத்தது. நீண்ட போராட்டத்தில் வந்த உரிமை. ஆனால் பத்தாம் வகுப்போடு பையனை நிறுத்திக் கடையில் உட்கார வைத்துவிட்டால் அந்த ஒதுக்கீடு அவனுக்கு எதற்கு? 2022-ல் ஒன்றிய அரசு 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான சிறுபான்மையினர் உதவித்தொகையை நிறுத்தியபோது, நம் தெருவில் எத்தனை வீட்டுக்கு அது தெரிந்தது? உரிமை வருவதும் தெரியாமல், போவதும் தெரியாமல் இருக்கும் மக்களை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

செஞ்சியில் நாம் செய்ய வேண்டியது

பேசிவிட்டுப் போவதற்கு மட்டும் வந்தால் நானும் அந்தப் பேச்சாளர் கணக்கில்தான் சேருவேன். ஆகவே நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, மாதத்தில் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்காருங்கள். அரசியல் சட்டத்தின் 25 முதல் 30 வரையிலான பிரிவுகளைத் தமிழில் படியுங்கள். வழக்கறிஞர் ஒருவரை அழைத்து விளக்கம் கேளுங்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. பத்ருக் கைதிகளிடம் பாடம் கேட்ட மதீனாவின் வழியில் வந்தவர்கள் நாம்.

இரண்டாவது, மஹல்லாவில் ஒரு கணக்கு எடுங்கள். எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்ற ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் எத்தனை பேர், என்ன காரணம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப் போனவர்களையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, பழைய பட்டியலில் தகப்பன் பெயர் எங்கே என்று தேடி எத்தனை குடும்பம் அலைந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, வணிகர்கள் பைத்துல்மாலில் கல்விக்குத் தனிக் கணக்கு வையுங்கள். வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். பேரேடு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

நான்காவது, உங்கள் கடையையே ஒரு பாடசாலையாக எண்ணுங்கள். வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வரும் விவசாயி, சாமான் வாங்க வரும் தாய்மார், அவர்களில் பெரும்பாலோர் பிற மதச் சகோதரர்கள். முஸ்லிமைப் பற்றி அவர்கள் கற்கும் முதல் பாடம் உங்கள் தராசில்தான். செல்போனில் வரும் வெறுப்புச் செய்தி பத்து வந்தாலும், சரியான எடையும் மரியாதையான சொல்லும் கொடுத்த கடைக்காரரின் முகம் அதை அழித்துவிடும். அதேபோல் உங்கள் கைக்கு வரும் ஆவேசச் செய்தியையும் உண்மையா என்று பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கேட்டதையெல்லாம் பரப்புவதே பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

தலைவரை எடை போடும் கல்

முடிவாக, இளைஞர்களே, உங்கள் கையில் ஓர் எடைக்கல்லைத் தருகிறேன். இனி எந்தத் தலைவரின் கூட்டத்துக்குப் போனாலும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், நம் அமைப்பாகவே இருந்தாலும், வீட்டுக்குத் திரும்பும் வழியில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: ‘போகும்போது தெரியாத எது எனக்கு இப்போது தெரியும்? நாளைக் காலையில் நான் செய்ய வேண்டிய வேலை என்ன?’ இரண்டுக்கும் பதில் கிடைத்தால் அவரை மீண்டும் போய்க் கேளுங்கள். கை தட்டியதும் தொண்டை கட்டியதும்தான் மிச்சம் என்றால், அடுத்த முறை அந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். சமுதாயத்துக்கு அதுவே லாபம்.

கோட்டையைப் பிடிப்போம் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். கை மாறிக் கை மாறி வந்த கோட்டையின் நிழலில் வாழும் உங்களுக்கு அதன் அருமையும் தெரியும், நிலையாமையும் தெரியும். விவரம் அறிந்த மக்களை யாரும் முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட மக்களை உருவாக்குவதே தலைவர்களின் வேலை. அந்த வேலையைத் தலைவர்களிடம் கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும், அதைப் பிறருக்குச் சொல்லும் துணிவையும், உண்மையைச் சொல்பவரை அடையாளம் காணும் தெளிவையும் தந்தருள்வானாக! நம் ஊரின் ஒற்றுமையை என்றும் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.